ஐந்தரை மணி நேரத் தூரம்

சுகுமாறன் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்ட நாளில், மலேசியாவின் கெர்லிங்கில் அவன் வீட்டு வாசலில் கார் நிறுத்த இடமில்லை. வழியனுப்ப வந்த உறவினர்களில் பாதிப் பேர் விமான நிலையம் வரைக்கும் வருவதாகக் கிளம்பி வந்திருந்தார்கள். தாய்மாமன் நாராயணசாமி ரவாங்கிலிருந்து ஒரு வேனே பிடித்து வந்திருந்தார். அப்பா செல்லையா தோட்டத்தில் ஆயுள் முழுக்கச் செம்பனைக் குலை வெட்டியவர். அன்றைக்குக் கல்யாணங்களுக்குப் போடும் பாத்தேக் சட்டையைப் போட்டுக்கொண்டு, வந்தவர்களிடமெல்லாம் ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பெர்த்து. அஞ்சரை மணி நேரம் பறக்கணுமாம். நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேலயாம். நம்ம தோட்டத்து லயத்துலேருந்து போனவன் எவனும் சிங்கப்பூரத் தாண்டுனதில்ல."

இதெல்லாம் மகள் துளசி கைப்பேசியில் தேடிச் சொன்னது. அவள் ரவாங்கில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை செய்தாள். அதே ரவாங்கில் வேறொரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிப்ட் ஓட்டிக்கொண்டிருந்த சுகுமாறன், வேலையை விட்டுவிட்டுத்தான் கிளம்பியிருந்தான். சுற்றுலாப் பயணியாக உள்ளே போய்விட்டால் போதும், திராட்சைத் தோட்டத்தில் வேலை காத்திருக்கிறது, கூட்டிக்கொண்டு போக ஆள் வரும் என்று ஒரு ஏஜென்ட் சொல்லியிருந்தான். ஆபத்து இருப்பது சுகுமாறனுக்குத் தெரியும். வீட்டில் யாருக்கும் அதைச் சொல்லவில்லை.

விமானத்தில் முன் இருக்கையின் முதுகில் ஒரு சிறிய திரை இருந்தது. இன்னும் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று அது காட்டிக்கொண்டே வந்தது. படம் எதுவும் பார்க்காமல் அதையே பார்த்துக்கொண்டு போனான். கடல்மேல் சின்ன விமானப் படம் நகர நகர அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

பெர்த் விமான நிலையத்தில் ஒரு பெண் அதிகாரி அவன் பையைத் திறக்கச் சொன்னாள். சுற்றிப் பார்க்க வந்தவன் பையில் ரப்பர் பூட்ஸும் தோட்டக் கையுறைகளும் இருந்தன. கைப்பேசியைக் கேட்டாள். ஏஜென்ட் அனுப்பிய செய்திகள் எல்லாம் அதிலேயே இருந்தன. துளசி போட்டுக் கொடுத்த எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, கதவில் கைப்பிடி இல்லாத ஓர் அறையில் அவனை உட்கார வைத்தார்கள். யாரும் திட்டவில்லை. ஒருவர் குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுத்தார். அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். திரும்பி வரும்போதும் அதே மாதிரி ஒரு திரை இருந்தது. அதன்மேல் போர்வையை மாட்டி மறைத்துவிட்டான்.

கோலாலம்பூரில் இறங்கியதும் வீட்டுக்குப் போன் போட்டான். உண்மையைச் சொல்லத்தான் போட்டான். அப்பா ஸ்பீக்கரில் எடுத்தார். பின்னால் நிறையப் பேச்சுக் குரல்கள் கேட்டன.

"சுகு! வந்து சேந்துட்டியாப்பா?"

"வந்து சேந்துட்டேன்பா."

அடுத்த வார்த்தையை அவன் எடுப்பதற்குள் அங்கே கைதட்டினார்கள். "பிளேன்ல சோறு போட்டானா மாப்ள?" என்று நாராயணசாமி மாமா கத்தினார். "ஒங்க அம்மா படத்துக்கு மாலை போட்டு வெளக்கு ஏத்தியிருக்கேன். நேத்துலேருந்து அணையாமப் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றார் அப்பா. சுகுமாறன் அப்புறம் பேசுவதாகச் சொல்லிப் போனை வைத்தான்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏறக் கால் வரவில்லை. கிள்ளான் பஸ்ஸில் ஏறினான். அங்கிருந்து கோலா சிலாங்கூர் பஸ். தெரிந்தவர்கள் யாரும் இல்லாத பக்கம் என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. ஜெராமுக்குப் பக்கத்தில் சுங்கை செம்பிலாங் என்ற மீனவர் கிராமத்தில், படகுகளிலிருந்து மீன் வாங்கி விற்கும் ஒரு சீன முதலாளியிடம் வேலை கிடைத்தது. தவுக்கே என்றுதான் எல்லாரும் அவரைக் கூப்பிட்டார்கள். மீன் பெட்டி தூக்க வேண்டும், ஐஸ் உடைக்க வேண்டும், லோரியில் ஏற்ற வேண்டும். முன்னால் அதே தவுக்கேயின் சாப்பாட்டுக் கடை. பின்னால் ஐஸ் அறையை ஒட்டிய பலகை அறையில் அவன் படுத்துக்கொண்டான். ஒரு வாரம், பத்து நாள் இருந்துவிட்டு, மனத்தைத் தேற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் நினைத்தான். அங்கேயே மூன்று வருஷம் ஓடிவிட்டது.

பொய்யைக் காப்பாற்றுவது அவன் பயந்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. அதுதான் அவனுக்கு அதிக வெட்கமாக இருந்தது. பெர்த்துக்கும் மலேசியாவுக்கும் ஒரே நேரம். அப்பா "இப்போ அங்க மணி என்னப்பா?" என்று கேட்டால் தடுமாற வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வாட்ஸ்அப்பில் பேசுவான். முகம் காட்டச் சொன்னால், தோட்டத்தில் இன்டர்நெட் சரியில்லை என்பான். அங்கே குளிர்காலம் வரும் மாதத்தில், கொண்டுபோன தடித்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஐஸ் அறைக்குள் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பினான். வாயிலிருந்து புகை வருவது அதில் தெரிந்தது. அப்பா அந்தப் படத்தைக் கடையில் கொடுத்துக் கழுவி, சட்டம் போட்டு மாட்டிவிட்டதாகத் துளசி சொன்னாள். அன்றைக்கு மத்தியானம் அவனால் சாப்பிட முடியவில்லை.

இரண்டாவது வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடையில் கூட்டம் அலைமோதிக்கொண்டிருந்த நேரத்தில், வெளியூர்க் கார்களுக்கு நடுவே ஒரு வேன் வந்து நின்றது. அதிலிருந்து முதலில் இறங்கியவர் நாராயணசாமி மாமா. குடும்பத்தோடு நண்டு சாப்பிட வந்திருந்தார். நண்டுத் தட்டை ஏந்திக்கொண்டு வெளியே வந்த சுகுமாறன், தட்டைப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டு ஐஸ் அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டான். மாமாவின் சிரிப்பு கதவைத் தாண்டிக் கேட்டது. அவர் நிதானமாகச் சாப்பிடுகிறவர். விரல்கள் மரத்துப்போய், பற்கள் அடித்துக்கொண்டபோதும் சுகுமாறன் வெளியே வரவில்லை.

கதவைத் திறந்தவள் ரமணியக்கா. மீன் ஆய்ந்து கொடுக்கிற வேலை அவளுக்கு. அவனைப் பார்த்ததும் பயந்துபோய் வெளியே இழுத்து, கையைச் சூடு பறக்கத் தேய்த்துவிட்டாள்.

"யாருக்குடா ஒளியிற? போலீசா, கடன்காரனா?"

அன்றைக்கு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

"திருடல, யாரையும் அடிக்கல. திருப்பி அனுப்பிட்டான், அவ்ளோதானே? இதுக்குப் போயா இப்படிச் சாவுற?" என்றாள். "நாளைக்கே போய்ச் சொல்லு லா."

அவன் தலையாட்டினான். போகவில்லை. ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று சொல்லித் திரும்பிவிடலாமா என்று ஒருமுறை போனில் ஜாடையாகக் கேட்டும் பார்த்தான். "இன்னும் கொஞ்ச நாள் இருந்து பாருப்பா. இங்க வந்து என்னா பண்ணப் போற?" என்றார் அப்பா. அவர் ஆசைக்காகத்தான் இருக்கிறேன் என்று சுகுமாறன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அதை அவனே நம்பவில்லை.

மூன்றாவது வருஷம், ஒரு வியாழக்கிழமை காலையில், லோரிக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தபோது துளசி அழைத்தாள். அவள் வேலை நாளில் கூப்பிடுகிறவள் அல்ல.

"அண்ணே, அப்பா பாத்ரூம்ல விழுந்துட்டாரு. ஸ்ட்ரோக்குன்னு சொல்றாங்க. கோலா குபு பாரு ஆஸ்பத்திரில சேத்திருக்கோம். கண்ணே தொறக்கல." அவள் மூச்சு வாங்கினாள். "நீ எப்படியாச்சும் வந்துரு. அடுத்த பிளேன்லயே வந்துரு."

"வர்றேன். டிக்கெட் பாத்துட்டுச் சொல்றேன்" என்றான் சுகுமாறன்.

அந்த வாக்கியம் யோசிக்காமலே வாயில் வந்துவிட்டது. சுங்கை செம்பிலாங்கிலிருந்து கோலா குபு பாரு, சாலை நன்றாக இருந்தால் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் பெர்த்திலிருந்து வருகிறவன் இரண்டு மணி நேரத்தில் வந்து நிற்க முடியுமா? கைப்பேசியில் விமான நேரங்களைத் தேடினான். காலை பத்து மணிக்குப் பெர்த்திலிருந்து ஒன்று புறப்படுகிறது. மாலை மூன்றரைக்குக் கோலாலம்பூரில் இறங்கும். கடப்பிதழ்ச் சோதனை, பெட்டி, ரயில் என்று பார்த்தால் ஆறு மணிக்கு முன்னால் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கக் கூடாது. அந்த விமானத்தின் எண்ணைத் துளசிக்கு அனுப்பினான். 'இதில் இடம் கிடைத்துவிட்டது' என்று எழுதினான்.

ரமணியக்கா பக்கத்தில் வந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தவுக்கே வண்டியக் கேட்டு வாங்கித் தர்றேன். இப்பவே போ."

"இப்பப் போக முடியாதுக்கா. பிளேன் பத்து மணிக்குத்தான்."

"எந்தப் பிளேன்டா?" அவள் குரல் உயர்ந்தது. "அப்பன் கண்ணு தொறக்காமக் கெடக்குறாரு. நீ ஏறாத பிளேனுக்கு மணி பாத்துக்கிட்டு நிக்கிறியா?"

அவன் மீன் வாடை போகும்வரை சோப்புப் போட்டுக் குளித்தான். பெர்த்துக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்த பெட்டியில் துணிகளை அடுக்கினான். கோலா சிலாங்கூர் பட்டணத்தில் இறங்கி ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வெளிநாட்டுச் சாக்லேட் டப்பா ஒன்று வாங்கி, பஸ் நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்து விலைச் சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்தான். பத்து மணி ஆனதும் கைப்பேசியை அணைத்தான். விமானத்தில் இருப்பவன் போன் அடிக்கக் கூடாது அல்லவா.

அதற்கப்புறம் செய்ய ஒன்றுமில்லை. பஸ்கள் வந்தன, போயின. ரவாங் பக்கம் போகிற ஒரு காரின் ஓட்டுநர், ஆள் சேர்த்துக்கொண்டிருந்தவர், "ரவாங்கா தம்பி?" என்று இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் இல்லை என்றான். அப்பாவின் முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றான். சட்டம் போட்டு மாட்டிய தன்னுடைய படம்தான் நினைவுக்கு வந்தது.

மத்தியானத்துக்குமேல் கோலாலம்பூர் பஸ்ஸில் ஏறி, கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்தில் போய் இறங்கினான். விமான நிலைய ரயிலிலிருந்து வெளியே வந்த பயணிகளின் பெட்டிகளில் எல்லாம் வெள்ளைத் தாள் சீட்டு ஒட்டியிருந்தது. அவன் பெட்டி மொட்டையாக இருந்தது. குப்பைத் தொட்டியின் விளிம்பில் யாரோ கிழித்துப் போட்ட சீட்டு ஒன்று தொங்கியது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அதை எடுத்தான். தரை துடைத்துக்கொண்டிருந்த பெண் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள். பசிக்கிறதோ என்று நினைத்தாளோ என்னவோ, பார்வையில் இரக்கம் இருந்தது. அவன் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சீட்டைப் பெட்டியின் கைப்பிடியில் சுற்றினான்.

அங்கிருந்து ரயிலேறி, கோலா குபு பாரு நிலையத்தில் இறங்கி, ஒரு வாடகைக் காரில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறு. கணக்குத் தப்பவில்லை. வார்டுக்கு வெளியே உறவினர்கள் கூடியிருந்தார்கள். நாராயணசாமி மாமாதான் முதலில் பார்த்தார். ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதார்.

"வந்துட்டான்! பாருங்க, பெத்த அப்பன்னு சொன்னதும் கடலத் தாண்டி வந்துட்டான். இன்னும் பெட்டியில பிளேன் சீட்டுக்கூடக் கழட்டல."

சுற்றி நின்றவர்கள் அவன் தோளைத் தட்டினார்கள். ஓர் அத்தை அவன் கன்னத்தைத் தடவி, "களைச்சுப் போயிட்டியேப்பா" என்றாள். சுகுமாறன் தலையைக் குனிந்துகொண்டான். அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

துளசி மட்டும் வரவில்லை. சுவரோரம் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நின்றவள், நின்ற இடத்திலேயே நின்றாள். அவனைப் பார்த்தாள். கைப்பேசியைப் பார்த்தாள். மறுபடி அவனைப் பார்த்தாள். பிறகு மெல்ல நடந்து வந்து, மற்றவர்களுக்குத் தெரியாதபடி திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

வரைபடத்தில் ஒரு சின்ன மஞ்சள் விமானம் சுமத்ராவின் தெற்குப் பக்கத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. அதன் கீழே அவன் அனுப்பிய எண் இருந்தது. அன்றைக்கு அந்த விமானம் மூன்றரை மணி நேரம் தாமதமாகப் புறப்பட்டிருக்கிறது. தரையிறங்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

சுகுமாறன் பெட்டியின் கைப்பிடியில் இருந்த சீட்டைக் கையால் மறைத்தான்.

"என்னாம்மா துளசி?" என்றார் மாமா. "பிளேன் லேட்டுன்னு சொல்லிக்கிட்டு இருந்தியே?"

துளசி கைப்பேசியைப் பைக்குள் போட்டாள். "அது லேட்டுன்னு தெரிஞ்சதும் அண்ணன் வேற பிளேன்ல மாறிட்டாங்களாம் மாமா. சிங்கப்பூர் வழியா" என்றாள்.

அவள் பொய் சொல்லி அவன் கேட்டதே இல்லை. பள்ளிக்கூட நாளிலிருந்தே வராது அவளுக்கு.

உள்ளே அப்பா படுத்திருந்தார். கண்கள் திறந்திருந்தன. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. சுகுமாறன் கையைப் பிடித்ததும் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

உறவினர்கள் தேத்தண்ணி குடிக்கப் போன பிறகு, துளசி அவனைக் கார் நிறுத்தும் இடத்துக்கு அழைத்துப்போனாள்.

"எங்கேருந்து வர்ற?"

"சுங்கை செம்பிலாங்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. கோலா சிலாங்கூர்ப் பக்கமா என்று கேட்டாள். ஆமாம் என்றான். எத்தனை நாளாக என்று கேட்டாள். அவன் முதலிலிருந்து சொன்னான். ஊறுகாய் பாட்டிலையும் விடவில்லை. துளசி ஒரு காரின் மேல் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

"காலையிலயே வந்திருக்கலாம்" என்றாள் கடைசியில்.

"ம்."

"ஒம்பது மணிக்கெல்லாம் இங்க இருந்திருக்கலாம்."

அவன் ஆஸ்பத்திரி வாசல் பக்கம் பார்த்தான்.

"பன்னெண்டு மணி வாக்குல அப்பா முழிச்சாரு. நல்லாப் பேசினாரு. சுகு வந்துட்டானான்னு கேட்டாரு. ஒனக்கு எத்தன தடவ போட்டேன் தெரியுமா? பிளேன் இன்னும் தரையிலதான் நிக்குதுன்னு போன்ல காட்டுது, நீ ஏன் எடுக்க மாட்டேங்குறன்னு எனக்குக் கோவம்கூட வந்துச்சு. அப்பா குரலக் காட்டலாம்னு..." அவள் நிறுத்தினாள். "பிளேன் லேட்டுப்பான்னு சொன்னேன். பரவால்ல, அவன அவசரப்படுத்தாத, ரொம்ப தூரத்துலேருந்து வரணும்ல, பையப் பைய வரட்டும்னு சொன்னாரு. அதுக்கப்புறம்தான் ரெண்டாவது தடவ ஸ்ட்ரோக் வந்துச்சு. அதுலேருந்து பேச்சு இல்ல."

சுகுமாறன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். துளசி அவனைத் தூக்கிவிடவில்லை. சற்று நேரம் கழித்து, "முகத்தக் கழுவிட்டு வா, எல்லாரும் பாப்பாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

செல்லையா பிழைத்துக்கொண்டார். வலக் கையும் வலக் காலும் வரவில்லை, பேச்சும் வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அவரைக் குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் சுகுமாறன் வேலை ஆயிற்று. ஊரில் அவன் பெயர் உயர்ந்துவிட்டது. வெளிநாட்டு வேலையை உதறிவிட்டு வந்த மகன் என்றார்கள். நாராயணசாமி மாமா போன இடமெல்லாம் அந்தக் கதையைச் சொன்னார். "ஒரு பிளேன் லேட்டுன்னதும் அடுத்ததப் புடிச்சான். ரெண்டு பிளேன் மாறி வந்தான்." சொல்லச் சொல்ல அது வளர்ந்தது. பெர்த்தில் மழை வந்தது, சிங்கப்பூரில் ஓடிப்போய்க் கடைசி ஆளாக ஏறினான் என்றெல்லாம் சேர்ந்தது. சுகுமாறன் ஒவ்வொரு தடவையும் தட்டில் இருப்பதைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். துளசி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அப்பாவுக்கு உடம்பு தேறியதற்காக மாரியம்மன் கோவிலில் ஒரு வெள்ளிக்கிழமை பூசை வைத்தார்கள். சக்கர நாற்காலியில் அவரைக் கூட்டிப்போனார்கள். பூசை முடிந்து பந்தி போட்டதும் மாமா, தஞ்சோங் மாலிமிலிருந்து வந்திருந்த யாருக்கோ கதையை ஆரம்பித்தார். "இவன மாதிரி ஒரு புள்ள..." என்று அவர் சொன்னபோது, சோற்று வாளியைப் பிடித்துக்கொண்டு நின்ற சுகுமாறனுக்குத் தாங்கவில்லை.

"மாமா, நான் பெர்த்துலேருந்து வரல."

"என்னாது?"

"நான் பெர்த்துல ஒரு நாள்கூட இல்ல. ஏர்போர்ட்டுலயே திருப்பி அனுப்பிட்டாங்க. மூணு வருஷமா சுங்கை செம்பிலாங்ல மீன் பெட்டி தூக்கிக்கிட்டு இருந்தேன். நீங்க நண்டு சாப்பிட வந்தீங்களே, அந்தக் கடை."

பந்தி முழுவதும் கை நின்றது. மாமா புரியாதவர் மாதிரி அவனைப் பார்த்தார்.

"நான் வந்தப்போ நீ அங்கயா இருந்த?"

"ஐஸ் ரூம்ல ஒளிஞ்சிருந்தேன் மாமா."

மாமா இலையை மூடினார். கையைக் கழுவிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் வெளியே போய் வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பிறகுதான் சுகுமாறன் அப்பா இருந்த பக்கம் திரும்பினான். செல்லையாவுக்குப் பேச்சுத்தான் போயிருந்தது, காது போகவில்லை. ஊரே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார். அசைக்க முடிந்த இடக் கையால் வேட்டியின் ஓரத்தைப் பிடித்து இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் துளசி வெடித்தாள். "சொல்ல வேணாங்கல. அப்பாகிட்ட மொதல்ல தனியாச் சொல்லியிருக்கணும். ஊரு முன்னால அவர உக்கார வச்சா சொல்லுவ? ஒனக்குப் பாரம் எறங்கிருச்சு. அவரு யாருகிட்டண்ணே எறக்குவாரு?"

அவள் சொன்னது சரி. அதைக்கூட அவன் தன்னை மட்டும் நினைத்துத்தான் செய்திருக்கிறான். அப்பாவின் கட்டிலருகே போய், "மன்னிச்சுருங்கப்பா" என்றான். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்கப்புறம் அவன் கையால் கொடுத்ததைச் சாப்பிடவில்லை. கரண்டியை வாயருகே கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொள்வார். துளசி வேலைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் ஊட்டினால்தான் சாப்பாடு. குளிப்பாட்டும்போது மட்டும் மறுக்க அவருக்கு வழியில்லை. சுகுமாறனின் கை படும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வார். சுவரில் இருந்த ஜாக்கெட் படத்தைத் துளசி கழற்றினாள். அந்த இடத்தில் சுண்ணாம்பு வெளுத்த சதுரமாகத் தெரிந்தது.

அவனுடைய சாமான்கள் இன்னும் பலகை அறையிலேயே கிடந்தன. ஒரு சனிக்கிழமை, பக்கத்து வீட்டு அம்மாவை அப்பாவுக்குத் துணையாக உட்கார வைத்துவிட்டு, "வா, எடுத்துட்டு வரலாம். நானும் அந்த எடத்தப் பாக்கணும்" என்றாள் துளசி. பக்கத்து வீட்டுக் காரை இரவல் வாங்கி, துளசி ஓட்ட, ரவாங் வழியாகப் போனார்கள். பெஸ்தாரி ஜெயா தாண்டியதும் அவள் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"போன வருஷம் ஆபீஸ் ஆளுங்களோட மின்மினி பாக்க இங்க வந்தேன். படகுல உக்காந்து ஒனக்குப் படம் அனுப்பினேன். ஞாபகம் இருக்கா?"

அவனுக்கு ஞாபகம் இருந்தது. 'அழகா இருக்கு, இங்கே இதெல்லாம் கிடையாது' என்று பதில் எழுதியிருந்தான். அதைப் பலகை அறையில் படுத்துக்கொண்டு எழுதினான்.

சுங்கை செம்பிலாங்கில் ரமணியக்கா கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். துளசியைக் கட்டிப்பிடிக்கத் தயங்கி, தன் ஈர ரவிக்கையைப் பார்த்துவிட்டு விலகி நின்றாள். "நான் அன்னிக்கே போகச் சொன்னேன்மா. கழுத்தப் புடிச்சுத் தள்ளியிருக்கணும் நான்" என்றாள். துளசியே போய் அவளைக் கட்டிக்கொண்டாள். பிறகு ஐஸ் அறை எது என்று கேட்டு, கதவைத் திறந்து உள்ளே போய் நின்றாள். அவள் வெளியே வரச் சற்று நேரம் ஆயிற்று. மூக்குக் கண்ணாடியில் பனி படிந்திருந்தது. துடைத்துக்கொண்டாள்.

"எங்ககிட்ட வர்றத விட இது பரவால்லன்னு தோணிச்சா ஒனக்கு?"

"ஒங்க மூஞ்சியப் பாக்கறத நெனச்சாத்தான் பயம்."

"நாங்க என்னா பண்ணியிருப்போம்? ரெண்டு நாள் சங்கடப்பட்டிருப்போம்."

ஒரு மூட்டைத் துணியும் ஒரு மின்விசிறியும்தான் சாமான். ரமணியக்கா கருவாடு கட்டிக் கொடுத்தாள். திரும்பும் வழியில் துளசி அவனையே ஓட்டச் சொன்னாள். பாதி வழியில் தூங்கிப்போனாள்.

கெர்லிங் பெட்ரோல் நிலையத்தில் அவனுக்கு வேலை கிடைத்தது. காலை நேரம் அங்கே, அப்போது பக்கத்து வீட்டு அம்மா அப்பாவைப் பார்த்துக்கொண்டார்; மீதி நேரம் அப்பாவோடு. பெட்ரோல் ஊற்ற வருகிறவர்களில் சிலர், "என்னா ஆஸ்திரேலியா, எப்படி இருக்க?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். நல்லா இருக்கேன் என்பான். நாராயணசாமி மாமா வேறு நிலையத்துக்குப் போய் ஊற்றிக்கொண்டார்.

ஒரு சாயங்காலம் ரவாங் சாலையில் பெரிய விபத்து. துளசியின் பஸ் நகரவில்லை, வர நேரமாகும் என்று போன் செய்தாள். செல்லையா காலையிலும் சரியாகச் சாப்பிட்டிருக்கவில்லை. சுகுமாறன் கஞ்சி காய்ச்சி, ஆற்றி, கட்டிலருகே முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். அப்பா வாசல் பக்கம் பார்த்தார்.

"துளசி வர லேட்டாகும்பா. ரோட்டுல நிக்குறா."

அவர் மறுபடியும் வாசலைப் பார்த்தார். சுகுமாறன் கரண்டியை நீட்டவில்லை. கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். கஞ்சியின்மேல் ஆடை படிந்தது. வெகுநேரம் கழித்துச் செல்லையா முகத்தைத் திருப்பினார். அவனைப் பார்க்காமல், கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார்.

பசி தாங்காமல்தான் திறந்தார் என்று சுகுமாறனுக்குத் தெரியும். ஆடையை ஒதுக்கிவிட்டு, கஞ்சியை ஊட்டினான். ஓரத்தில் வழிந்ததைத் துண்டால் துடைத்தான். அப்பா விழுங்கும்வரை பார்த்திருந்து, அடுத்த கரண்டியை எடுத்தான்.